ஏரிப் படகுக்கு எந்த வண்டி ஏற்றது?

“ஓடமும் ஒரு நாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒரு நாள் ஓடத்தில் ஏறும்” என்பது பழமொழி. ஏரியைக் குத்தகைக்கு எடுத்து மீன் வளர்க்கும் சிறு விவசாயிக்கோ, ஓடம் ஒரு நாள் அல்ல, பல நாளும் வண்டியில் ஏற வேண்டியிருக்கிறது. இரவில் படகைத் தண்ணீரிலேயே விட்டு வைத்தால் களவு பயம். மழைக்காலத்தில் காற்றில் கவிழும் பயம். ஆகவே கரைக்கு மேலே கொண்டுவந்து சேர்க்கத்தான் வேண்டும். ஆனால் படகின் நீளம், விலை எல்லாவற்றையும் விசாரித்து வாங்குகிறவர்கள், அதை ஏற்றி இறக்கும் வண்டியைப் பற்றி நினைப்பதே இல்லை.

பரிசலுக்கு இந்தக் கவலை கிடையாது. ஒருவரே தலையில் கவிழ்த்துக்கொண்டு கரையேறிவிடலாம். 12 அடி, 14 அடி நீளமுள்ள ஃபைபர் படகு அப்படியல்ல. நாலு பேர் கை கொடுத்தால்தான் அசையும். ஆள் கிடைக்காத நாளில் கல்லிலும் மண்ணிலும் இழுத்துக்கொண்டு போகிறார்கள். அடிப்பாகம் தேய்ந்து, உள்ளேயிருக்கும் இழை தெரிந்து, நீர் கசியத் தொடங்குகிறது. இழுப்பவரின் இடுப்பு படும் பாடு தனி.

டிராக்டர் தேவைதானா?

பலரும் நாடுவது வாடகை டிராக்டரையும் அதன் டிரெய்லரையும். நெல் மூட்டைக்கும் எருவுக்கும் அது நல்ல வண்டி. படகுக்கு அல்ல. அதன் தளம் இடுப்புயரம்; அவ்வளவு உயரத்துக்குப் படகைத் தூக்குவதற்கே நாலு பேர் வேண்டும். ஏரிக் கரையின் உள்சரிவில் ஈரமிருக்கும்போது டிராக்டர் இறங்கினால் சறுக்கும், சாயும். ஓட்டுபவரின் உயிருக்கே ஆபத்து. கரையும் சிதையும். ஊர்ப் பாசனத்துக்கு ஆதாரமான கரையை ஒரு படகுக்காகக் கெடுப்பது நியாயமாகாது.

சிறு படகுக்கு ஏற்றது இரண்டு சக்கரத் தள்ளுவண்டியே. உள்ளூர் வெல்டிங் பட்டறையிலேயே செய்துகொள்ளலாம். ஆனால் ஒரு விஷயத்தில் ஏமாறக் கூடாது.

வற்றிய நாளே கணக்கு

தமிழகத்தில் ஏறத்தாழ 39 ஆயிரம் ஏரிகள் உள்ளதாகக் கணக்கு. இவற்றில் மிகப் பல அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையை நம்பியவை. மார்கழியில் தண்ணீர் கரையை ஒட்டி நிற்கும். அப்போது எந்த வண்டியும் போதும். கட்லாவும் ரோகுவும் வளர்ந்து பிடிப்புக்கு வரும்போதோ பங்குனி, சித்திரை ஆகிவிடும். தண்ணீர் நடு ஏரிக்குச் சுருங்கிவிடும். கரைக்கும் நீருக்கும் இடையே வண்டலும் களியும்தான். படகு அதிகம் தேவைப்படும் நாளும் வண்டி அதிகம் புதையும் நாளும் ஒன்றே. நிறைந்த ஏரியைப் பார்த்து வண்டி செய்தவர் அறுவடை நாளில் மீண்டும் ஆள் தேடுகிறார்.

ஆகவே சக்கரம் அகலமாக இருக்க வேண்டும். சைக்கிள் சக்கரம் மலிவுதான். சேற்றில் கத்தி போல் இறங்கிவிடும். அகன்ற டயர் போட்டு, காற்றைச் சற்றுக் குறைத்து வைத்தால் அது தரையில் பரவிப் படிந்து புதையாமல் உருளும். சக்கரம் பெரிதாக இருந்தால் வரப்பையும் பள்ளத்தையும் எளிதாகத் தாண்டும்.

அச்சு, படகின் எடை நடுவுக்குக் கொஞ்சம் பின்னே அமைய வேண்டும். 100 கிலோ படகென்றால் கைப்பிடியில் 10 கிலோ அளவே தெரிய வேண்டும். அச்சு முன்னே தள்ளிப் போனால் படகு பின்பக்கம் குடை சாயும்; மிகவும் பின்னே போனால் பாரம் முழுதும் கையில் ஏறும்.

படகை இரண்டு குறுக்குக் கம்பிகளின் மேல் வைப்பது தவறு. பாரம் இரண்டே இடத்தில் இறங்கி அடித்தளம் குழிந்துவிடும். நீளவாக்கில் இரண்டு பலகை பதித்து, அதன்மேல் பழைய டயர் ரப்பரைத் தைத்தால் பாரம் பரவி நிற்கும். சட்டத்துக்குத் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாய் நல்லது. சாதாரண இரும்பு தண்ணீரில் இறங்கி ஏறி விரைவில் துருப்பிடிக்கும். சக்கர பேரிங்கில் தண்ணீர் புகுந்தால் கிரீஸ் கெடும். ஆகவே அடிக்கடி புது கிரீஸ் வைக்க வேண்டும்.

இழுக்குமுன் படகிலுள்ள தண்ணீரை இறைத்துவிட வேண்டும். 100 லிட்டர் தண்ணீர் என்பது 100 கிலோ பாரம். இதை மறந்து, வண்டி சரியில்லை என்று பட்டறைக்காரரைக் குறை சொல்வாரும் உண்டு.

ஒரே ஏரியில் நாலைந்து படகுகள் இருந்தால் ஆளுக்கொரு வண்டி வேண்டியதில்லை. பொதுவில் ஒன்று செய்துகொண்டு, கரை சிதையாத ஓரிடத்தில் எல்லாரும் படகு இறக்கும் துறையாக ஒன்றை ஒதுக்கிக்கொள்ளலாம். பணமும் மிஞ்சும், கரையும் நிற்கும்.

படகு வாங்க எண்ணுகிறவர், முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு முறை சித்திரை மாத ஏரிக்குள் நடந்து பார்க்க வேண்டும். கால் எவ்வளவு புதைகிறது என்பதைப் பார்த்தால், எந்தச் சக்கரம் தேவை என்பது அங்கேயே தெரிந்துவிடும்.