வலிச்சாத்தான் உடம்பு ஏறுமா?



நம்ம பள்ளியில் சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டியிருந்த பழைய ஸ்டோர் ரூமைச் சுத்தம் பண்ணி, முன்னாள் மாணவர்கள் வாங்கிக் கொடுத்த ராடு, பிளேட், டம்பெல்ஸ் எல்லாம் வைத்து எடைப்பயிற்சி அறை திறந்தது எல்லோருக்கும் தெரியும். முதல் நாள் நோட்டில் கையெழுத்துப் போட்டவர்கள் 26 பேர். இரண்டாவது வாரம் வெள்ளிக்கிழமை எண்ணிப் பார்த்தால் வெறும் 9 கையெழுத்து. மீதி 17 பேர் எங்கே?

"இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுமை கிடையாது" என்று ஆசிரியர்கள் சிலர் சொல்கிறார்கள். "தம் இல்லாத பசங்க, விடு" என்று பிளஸ் டூ அண்ணன்கள் சொல்கிறார்கள். இரண்டையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த 17 பேரையும் துரத்தியது அவர்களுடைய முதல் நாள்தான்.

முதல் நாள் அங்கே என்ன நடக்குது என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. புதுசா வர்றவனை "வெச்சு செய்யணும்" என்பது எழுதப்படாத சட்டம். 100 பஸ்கி. அப்புறம் கை நடுங்கி ராடு சாயும் வரைக்கும் பென்ச் பிரஸ். அப்புறம் டம்பெல்ஸ். சுத்தி நாலு பேர் நின்னு "இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு" என்று கத்துவார்கள். அன்னைக்கு ராத்திரி ஒண்ணும் தெரியாது, பெருமையாத்தான் இருக்கும். மறுநாள் காலையில்தான் விஷயம் புரியும். பத்தாம் வகுப்புத் தம்பி ஒருத்தன் முழங்கையை நீட்ட முடியாமல், பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்க முடியாமல், கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டே வந்து இறங்கினான். இன்னொருத்தன் மாடிப்படி இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்கினான். அதைப் பார்த்து அண்ணன்களுக்கு ஒரே சிரிப்பு. "வலிக்குதா? அப்போ ஏறுது மச்சி!"

இந்த ஒரு வசனத்தைத்தான் நான் எதிர்க்கிறேன். வலி வந்தால் உடம்பு ஏறுது என்று அர்த்தம் இல்லை. பழக்கமில்லாத வேலை பார்த்தாய் என்றுதான் அர்த்தம்.

வலி ஏன் மறுநாள் வருகிறது? நம்மில் முக்கால்வாசிப் பேர் "லாக்டிக் அமிலம் சேர்ந்துடுச்சு" என்போம். அது பயிற்சி முடிந்து ஒரு மணி நேரம் போல ஆனாலே ரத்தத்தில் பழைய அளவுக்கு வந்துவிடும். மறுநாள் காலையில் வர்ற வலிக்கு அதைப் பிடித்துக் கேஸ் போட முடியாது. 1983-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் சிலரைச் சமதளத்திலும் சிலரைச் சரிவில் கீழ்நோக்கியும் ஓட வைத்துப் பார்த்தார்கள். சமதளத்தில் ஓடியவர்களுக்கு லாக்டிக் அமிலம் ஏறியது, வலி பெரிதாக வரவில்லை. சரிவில் ஓடியவர்களுக்கு அமிலம் ஏறவே இல்லை, ஆனால் பின்னாடி நல்ல வலி! அதற்கும் ரொம்ப முன்னாலேயே, 1902-ல், தியோடர் ஹஃப் என்ற அமெரிக்க அறிஞர் விரல் தசைகளுக்குத் திரும்பத் திரும்ப வேலை கொடுத்துப் பார்த்துவிட்டு, இந்த வலி தசைக்குள் ஏற்படும் சின்னச் சின்னக் கிழிசல்களால் வருவது என்று எழுதினார். (விலங்கியல் மிஸ் மன்னிக்கவும், பாடத்தில் படிக்கும் தசைச் சோர்வு வேற, இது வேற.)

இதைப் புரிந்துகொள்ள ஆராய்ச்சிக்கூடம் தேவையில்லை. மலைக்கோயிலுக்குப் படியேறிப் போனவர்களைக் கேளுங்கள். ஏறும்போது மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும். ஆனால் மறுநாள் தொடை கெஞ்சுவது இறங்கினதால்தான். தசை சுருங்கி வேலை செய்வதைவிட, பாரத்தைத் தாங்கிக்கொண்டே நீளும்போதுதான் அதிகம் அடி வாங்குது. டம்பெல்லை மேலே தூக்குவது பாதி வேலை. மெதுவாகக் கீழே இறக்குவதுதான் வலிக்கிற பாதி. கிழிசலைச் சரிசெய்ய உடம்பு அங்கே வீக்கத்தை உண்டாக்குது, நரம்புகள் கூசுது. அதனால்தான் வலி 12 மணி நேரத்துக்கு மேல் கழித்து ஆரம்பித்து, இரண்டாம் நாள், மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்துக்குள் தானாக இறங்கிவிடும்.

இதில் ஒரு நல்ல செய்தி இருக்கு. அதை யாரும் புதுசா வர்ற பசங்களிடம் சொல்வதில்லை என்பதுதான் என் கோபம். இரண்டாவது தடவை அதே பயிற்சியைச் செய்தால் வலி பாதிகூட இருக்காது. தசை ஒரு தடவை பட்டதை ஞாபகம் வைத்துக்கொள்ளும். அந்தப் பாதுகாப்பு பல வாரங்களுக்கு நிற்கும். எங்க ஊரில் நாற்று நடப் போகிறவர்களைப் பாருங்கள். சீசன் ஆரம்பித்த முதல் இரண்டு நாள் "இடுப்பே இல்ல"ன்னு அனத்துவார்கள். ஒரு வாரம் போனால் அதே ஆட்கள் பாட்டுப் பாடிக்கொண்டு நடுவார்கள். என் அம்மாவுக்கு இது தெரியும், நம்ம எடைப்பயிற்சி அறைக்குத் தெரியவில்லை! முதல் வலியே இவ்வளவு என்றால் வருஷம் பூரா இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துத்தான் அந்த 17 பேரில் பல பேர் நின்றுவிட்டார்கள். நான் பேசிப் பார்த்த ஆறு பேரில் நாலு பேர் சொன்னது இதைத்தான்.

இன்னொரு விஷயமும் கேளுங்கள். அந்தப் பாதுகாப்பு கிடைக்க முதல் நாளே சாகடிக்க வேண்டியதில்லை. லேசாகச் செய்தாலும் கிடைக்கும். வெறும் ராடை வைத்து இரண்டு வாரம் பழகினால், வலி "இங்க ஏதோ இருக்கு" என்கிற அளவோடு நின்றுவிடும். நம்ம முன்னோர் இதில் நம்மைவிடப் புத்திசாலிகள். தென் மாவட்டங்களில் சில ஊர்களில் இன்றைக்கும் பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்குகிறார்கள். பெரிய கல்லில் முதல் நாளே யாரும் கை வைப்பதில்லை. சின்னக் கல்லில் பழகி, மாசக்கணக்கில் ஏறித்தான் அங்கே போகிறார்கள்.

"அப்போ சதீஷ் சிவலிங்கம்?" என்று ஒரு அண்ணன் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. வேலூர் சத்துவாச்சாரிக்காரர். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் தங்கம், 2018 கோல்டு கோஸ்டில் மறுபடி தங்கம். 77 கிலோ பிரிவில் ஸ்னாட்ச் 144, கிளீன் அண்ட் ஜெர்க் 173, மொத்தம் 317 கிலோ. அந்த 2018-ல் தொடைக் காயத்தோடுதான் தூக்கினார், உண்மை. ஆனால் அது சின்ன வயசிலிருந்து வருஷக்கணக்காகப் பழகிய ஒருவர், நாட்டுக்காக ஒரு மேடையில் எடுத்த முடிவு. நாம சாயங்காலம் நாலரை மணிக்கு சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்தில் தூக்குகிறோம். அவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டியது அந்த ஒரு நாள் வலியை இல்லை, அதுக்கு முன்னாடி இருந்த வருஷங்களை.

சரி, வலி வந்துடுச்சு. என்ன பண்றது? ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்கிறார்கள். தைலம் தேய்த்தால் இதமாக இருக்கும், தேய்த்துவிடச் சொன்னாலும் கொஞ்சம் குறையும். ஆனால் கிழிசல் தைலத்தால் ஆறாது. கை காலை இழுத்து ஸ்ட்ரெட்ச் பண்ணினால் வலியே வராது என்று நாங்களும் நம்பிக்கொண்டிருந்தோம். 2011-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் அறிக்கை, அதனால் பெரிய வித்தியாசம் இல்லை என்று சொல்லிவிட்டது. படுத்தே கிடப்பதைவிட நடப்பது, சைக்கிள் மிதிப்பது நல்லது, அந்த நேரத்துக்காவது வலி விடும். மாத்திரை மட்டும் வாங்கிப் போடாதீர்கள். இன்னொன்று, வலிக்கிற தசையில் பலமும் குறைந்திருக்கும். அதே தசைக்கு மறுநாளும் பாரம் ஏற்றினால் ராடு கோணும், முதுகு வளையும், அங்கேதான் உண்மையான காயம் காத்திருக்கு.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்லணும். ஆயிரக்கணக்கில் பணம் கேட்கிற புரோட்டீன் டப்பாவுக்காக ஒரு நண்பன் வீட்டில் சண்டை போட்டிருக்கிறான். வேண்டாம்டா! ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கு. 100 கிராம் வேர்க்கடலையில் 25 கிராம். சத்துணவு முட்டையை "எனக்கு வேணாம்" என்று தள்ளிவிட்டுச் சாயங்காலம் பவுடர் கேட்பவர்களை என்ன சொல்றது?

தூக்கம்தான் பெரிய பிரச்சினை. இங்கே ஆசிரியர்களும் கொஞ்சம் கேட்கணும். 13 முதல் 18 வயதுக்காரர்களுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் தூக்க மருத்துவர்கள். காலை ஏழு மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ், ராத்திரி பதினொன்று வரை ஹோம்வொர்க், அப்புறம் செல்போன் (அது எங்க தப்பு). இதில் தசை எப்போ ஆறும்? உடைந்ததை உடம்பு சரிக்கட்டுவது பெரும்பாலும் நாம் ஓய்வில் இருக்கும்போதுதான். ஓய்வு நாளும் பயிற்சியில் ஒரு பாகம்.

ஒரு எச்சரிக்கை. இதை மட்டும் சிரிக்காமல் படியுங்கள். சாதாரண வலி மந்தமாக, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, தொட்டால் அசைத்தால் தெரியும். தூக்கும்போதே சுருக்கென்று வந்தால், மூட்டில் வந்தால், ஒரு பக்கம் மட்டும் வீங்கினால் அது வேற; உடனே பி.டி. சாரிடம் சொல்லணும். எல்லாவற்றையும்விட மோசமானது, பயிற்சிக்கு அடுத்த நாட்களில் சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில் போவது. அளவுக்கு மீறித் தசை சிதைந்து அதன் சாயம் ரத்தத்தில் கலந்துவிட்டது என்று அர்த்தம். ராப்டோமயோலிசிஸ் என்று பெயர். சிறுநீரகத்தையே கெடுத்துவிடும், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயாகணும். இது யாருக்கு வருகிறது தெரியுமா? பழக்கமே இல்லாமல், வெயிலில், தண்ணீர் குடிக்காமல், ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் பஸ்கி எடுக்க வைக்கப்பட்டவர்களுக்கும் வந்திருக்கிறது. "வெச்சு செய்யறது" விளையாட்டு இல்லை அண்ணா.

அதனால் பி.டி. சாரிடமும் தலைமையாசிரியரிடமும் கேட்டுக்கொள்வது: புதுசா சேர்றவங்களுக்கு முதல் இரண்டு வாரம் ராடில் பிளேட் போடக் கூடாது என்று கதவிலேயே எழுதி ஒட்டணும். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் நம்ம வயசுக்காரர்களுக்குத் தசைக்குப் பலம் தரும் பயிற்சி வாரத்துக்குக் குறைந்தது 3 நாள் என்கிறது. திங்கள், புதன், வெள்ளி போதும். இடையில் வர்ற செவ்வாய், வியாழன் இரண்டு நாளையும் மாணவிகளுக்குக் கொடுத்தால், அறை திறந்ததிலிருந்து வாசலோடு நிற்கிற அவர்களுக்கும் நேரம் கிடைக்கும். (இதைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். யாராவது ஒரு மாணவி எழுதினால் இன்னும் நல்லது.)

அந்த 17 பேருடைய பெயரும் நோட்டில் அப்படியேதான் இருக்கு, யாரும் அடிக்கவில்லை. திங்கட்கிழமை வந்தால் அதே வரியில் கையெழுத்துப் போடலாம். ராடு மட்டும்தான், பிளேட் கிடையாது.

– பதினோராம் வகுப்பு மாணவன், 'ஆ' பிரிவு