பிள்ளைகளின் தட்டில் எந்த ஊர்க் கோழி?

முல்லைத்தீவு மாவட்டத்தில் சிறிய பாடசாலை ஒன்றுக்கு உணவு சமைத்துக் கொடுக்கும் ஓர் அக்காவுடன் அண்மையில் பேசினேன். இறுதிப் போரில் கணவரை இழந்தவர். 60 பிள்ளைகளுக்கு நாள்தோறும் சமைக்கிறார். "இறைச்சி போடுவீங்களோ அக்கா?" என்று கேட்டேன். சிரித்தார். "காசு நேரத்துக்கு வந்தா முட்டை, வராட்டி பருப்புத்தான் தம்பி. இறைச்சிக்கு எங்க போறது?"

அவர் வீட்டு முற்றத்தில் ஏழெட்டு ஊர்க்கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. பாடசாலைக்கான முட்டையோ கடையில் கடனுக்கு வாங்கியது. அந்த முட்டை வன்னியில் இடப்பட்டதும் அல்ல. இலங்கையின் கோழிப் பண்ணைகளில் பெரும்பாலானவை குருநாகல், புத்தளம், கம்பஹா பக்கத்தில்தான் இருக்கின்றன.

2024இல் பாடசாலை உணவுத் திட்டம் ஆரம்பப் பிரிவு மாணவர்கள் அனைவருக்கும் விரிவுபடுத்தப்பட்டபோது ஒரு வேளை உணவுக்கு 110 ரூபாய் ஒதுக்கப்பட்டது. அந்தத் தொகையை வைத்தே கணக்கைப் பார்ப்போம். 60 பிள்ளைகளுக்கு ஒரு நாளுக்கு 6,600 ரூபாய். மாதத்தில் 20 நாள் பாடசாலை நடந்தால் 1,32,000 ரூபாய். ஒரு சிறு கிராமத்துக்கு இது சின்னக் காசு அல்ல. ஆனால் அரிசி, பருப்பு, முட்டை, ரின்மீன் என்று அதில் பெரும்பகுதி வந்த வேகத்திலேயே மாவட்டத்தை விட்டு வெளியேறிவிடுகிறது.

கிழமைக்கு இரண்டு நாள் முட்டை கொடுப்பதென்றால் 120 முட்டைகள் வேண்டும். நல்ல முட்டைக்கோழி ஒன்று கிழமைக்கு ஐந்து முட்டையாவது இடும். ஆக, 25 கோழிகள் போதும். இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்தால் சமாளிக்கக்கூடிய எண்ணிக்கை இது.

இறைச்சிக் கணக்கு கொஞ்சம் கடினமானது. பிள்ளைக்கு 40 கிராம் வீதம் ஒரு நாளைக்கு 2.4 கிலோ, அதாவது இரண்டு கோழி. கிலோ 1,200 ரூபாய் என்று வைத்தால் பிள்ளைக்கு 48 ரூபாய் போய்விடும். மிச்சம் 62 ரூபாய்க்குள் அரிசி, மரக்கறி, தேங்காய், விறகு, சமைப்பவரின் கூலி எல்லாம் அடங்க வேண்டும். மாதத்தில் ஓரிரு நாள் இது முடியும், ஒவ்வொரு கிழமையும் முடியாது.

கோழியைக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பதும் தவறு. கோழி வளர்ப்பின் செலவில் பாதிக்கும் மேல் தீவனத்துக்கே போகிறது. 2021இல் இரசாயன உரம் தடைசெய்யப்பட்டு, சோள விளைச்சல் விழுந்து, டொலரும் இல்லாமல் போனபோது என்ன நடந்தது என்பதை நாம் மறக்கவில்லை. பண்ணைகள் மூடப்பட்டன. 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலை வந்தது. வாழ்வாதார உதவி என்று குஞ்சுகளைக் கொடுத்துப் படமெடுத்துக்கொண்டு போனவர்களையும் எமது சனம் கண்டிருக்கிறது. தீவனம் வாங்கக் காசில்லாமல் அந்தக் கோழிகள் கறியாகிப்போன கதை வன்னியில் பல வீடுகளில் உண்டு.

ஆகவே முதலில் திருத்த வேண்டியது கொடுப்பனவை. சமைப்பவர் கைக்காசைப் போட்டுச் சமைக்கிறார், பணம் பிந்தி வருகிறது. இடையில் கடைக்கடன். அதுவும் முடியாதபோது நுண்கடன். பிள்ளைகளின் சாப்பாட்டுக்காக ஒரு தாய் வட்டி கட்டுகிறாள். ஒரு மாதச் செலவை முற்பணமாகக் கொடுத்தால் அவரும் அயலில் கோழி வளர்ப்பவருக்கு உடனே காசு கொடுக்கலாம். நிச்சயமான வாங்குநர் இருந்தால்தான் ஒருவர் துணிந்து 25 கோழி வளர்ப்பார்.

இரண்டாவது, உள்ளூர்க் கொள்வனவை விருப்பத்துக்கு விடாமல் விதியாக்குவது. பிரேசில் 2009இல் கொண்டுவந்த சட்டம், பாடசாலை உணவுக்கான மத்திய அரசின் நிதியில் குறைந்தது 30 வீதத்துக்குக் குடும்ப விவசாயிகளிடமிருந்து பொருள் வாங்க வேண்டும் என்றது. அதே 2009இல்தான் எமது மக்கள் ஆடு, மாடு, கோழிகளைக் கட்டையில் அவிழ்த்துவிட்டு முள்ளிவாய்க்கால் நோக்கி நடந்தார்கள். அந்த இழப்பு இன்னும் முழுதாக ஈடுசெய்யப்படவில்லை. மட்டக்களப்பு மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர்களோ மேய்ச்சல் தரைக்காக 2023இலிருந்து போராட வேண்டியிருந்தது. நிலத்தைப் பாதுகாக்காமல் உள்ளூர் உற்பத்தி என்று பேசுவதில் அர்த்தமில்லை.

மூன்றாவது, சுகாதாரம். வீட்டு முற்றத்தில் வெட்டிய கோழியை வெயிலில் கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்குச் சமைக்க முடியாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் கால்நடை வைத்தியரும் பார்க்கக்கூடிய, குளிரூட்டி உள்ள ஒரு சிறு வெட்டுமிடம் பிரதேச சபைக்கு ஒன்றாவது வேண்டும். அது வரும்வரை முட்டையில் தொடங்குவதே புத்தி.

எல்லாப் பிள்ளையும் இறைச்சி சாப்பிடுவதில்லை என்பதும் உண்மை. சைவக் குடும்பங்கள் உண்டு, வெள்ளிக்கிழமை உண்டு, ஹலால் பார்க்கும் வீடுகள் உண்டு. அவர்களுக்குத் தயிரும் கடலையும் பயறும் அதே அக்கறையோடு கிடைக்க வேண்டும். அந்தத் தயிரும் எமது மாட்டிலிருந்து வரலாம்.

புறப்படும்போது அந்த அக்காவிடம், முற்பணம் கிடைத்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "முதல்ல கடைக்கடனைக் கட்டுவன். பிறகு கூடு அடிப்பன்" என்றார்.