ஆம்பூரில் குலா கேட்கும் பெண்கள்

ஆய்வுக்காக ஆம்பூர், பேரணாம்பட்டு ஷூ கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்களைச் சந்தித்து வருகிறேன். தையல் பிரிவிலிருக்கும் ஒரு தங்கை, வயது இருபத்தாறு, சொன்னாள்: "புருஷன் தலாக் குடுத்துடுவாரோன்னு எங்கம்மா காலத்துல பயந்தாங்கக்கா. எனக்கு இவரு குடுக்கலையேன்னு பயம்."

மூன்று ஆண்டுகளாகக் கணவர் ஒரு பைசா தரவில்லை. குலா கேட்டு முஹல்லா ஜமாஅத்துக்குப் போனாள். உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் ஆண்கள். இவள் வாசலில் நிற்க, இவளுக்காக அண்ணன் பேசினார். "அனுசரிச்சுப் போம்மா" என்று மூன்று முறை தவணை சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இந்தத் துணிச்சலை 2019 முத்தலாக் சட்டம் தந்தது என்று யாராவது சொன்னால் சிரிப்புதான் வருகிறது. உடனடி முத்தலாக் செல்லாது என்று 2017லேயே ஷாயரா பானு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. செல்லாத சொல்லைச் சொன்னதற்கு மூன்றாண்டு வரை சிறை என்றது ஒன்றிய அரசு. தானாக விலக விரும்பும் பெண்ணுக்கு அந்தச் சட்டத்தில் ஒரு வரி கூட இல்லை. இவளுக்குத் துணிச்சல் தந்தது மாதச் சம்பளம்.

உரிமை ஒன்றும் புதிதல்ல. இஸ்லாத்தில் திருமணம் ஓர் ஒப்பந்தம். இரண்டு ஆண்டுகள் கணவன் பராமரிக்காவிட்டால் மனைவி மணவிலக்கு கோரலாம் என்கிறது 1939ஆம் ஆண்டுச் சட்டம். இந்துப் பெண்களுக்கு நாடு முழுவதற்குமான மணவிலக்குச் சட்டம் வர 1955 ஆனது. இஸ்லாமியப் பெண்ணுக்கு விடுதலை வாங்கித்தரக் கிளம்பியவர்கள் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை.

குலா பெண்ணின் உரிமைதான், ஆனால் தனியார் அமைப்புகள் தரும் சான்றிதழ் செல்லாது, குடும்பநல நீதிமன்றத்துக்குப் போங்கள் என்று 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சரியான தீர்ப்பு. ஆனால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் சம்பளம் போகிறதே, அதை யார் தருவது?

ஜமாஅத்தே வேண்டாம் என்கிறார்கள் சில தோழர்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஏழைப் பெண் நடந்தே போய்ச் சேரும் இடம் அது. அங்கே அவளுக்கு நாற்காலி வேண்டும். புதுக்கோட்டையில் ஷரிஃபா கானம் பெண்களுக்கென்றே ஜமாஅத் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஆம்பூரில் கம்பெனி பஸ் ஏறி வந்து வீட்டுச் செலவைத் தாங்கும் பெண்கள், தங்கள் திருமணத்தைப் பற்றிப் பேச மட்டும் இன்னும் வாசலில் நிற்கிறார்கள்.

அந்தத் தங்கை வழக்குப் போட்டுவிட்டாள். அடுத்த வாய்தாவுக்கு லீவு கேட்டபோது, "மறுபடியுமா?" என்றாராம் சூப்பர்வைசர்.