எடையை மருத்துவர் கவனிக்கட்டும். செயலைப் பிள்ளை தேர்ந்தெடுக்கட்டும்

புதிய கல்வியாண்டு தொடங்கும்போது பல வீடுகளில் உடல்நலத் தீர்மானங்களும் தொடங்குகின்றன. “இந்த ஆண்டு 10 கிலோ குறைத்தாக வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன், டாக்டர்” என்று புறநோயாளர் பிரிவில் பெற்றோர் கூறுவதை அடிக்கடி கேட்கிறேன். அக்கறையால் பிறக்கும் தீர்மானம்தான் அது. ஆயினும், எடையைக் காட்டும் எண்ணைப் பள்ளிப் பிள்ளையின் இலக்காக வைத்தல் ஆகாது என்பதே என் கருத்து.

எடை முழுவதும் பிள்ளையின் கையில் இல்லை. மரபு, பருவமடைதல், உறக்கம், சில மருந்துகள், வீட்டுச் சமையல் ஆகிய அனைத்தும் அதைத் தீர்மானிக்கின்றன. மேலும், வளரும் வயதில் உயரமும் கூடிக்கொண்டே வருகிறது. எனவே கூடுதல் எடையுள்ள பிள்ளைகள் பலருக்கு, எடையைக் குறைக்காமல் அதே அளவில் நிறுத்திவைத்தாலே போதும். உயரம் கூடக்கூட விகிதம் சீராகிவிடும். யாருக்கு எது பொருந்தும் என்பதை வளர்ச்சி வரைபடத்தைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். எண்ணை மட்டும் துரத்தும் பிள்ளைகளோ காலை உணவைத் தவிர்க்கிறார்கள், ஒளித்து உண்கிறார்கள், தம் உடலையே வெறுக்கத் தொடங்குகிறார்கள். வளரிளம் பருவத்தில் கடுமையான உணவுக் கட்டுப்பாடு, உண்ணுதல் தொடர்பான மனநலக் கோளாறுகளுக்கும் வழிவகுக்கக்கூடும்.

அப்படியானால் நல்ல இலக்கு எது? பிள்ளை தானே செய்யக்கூடிய ஒரு செயல். செய்தோமா இல்லையா என்று அன்றிரவே சொல்லக்கூடிய செயல். “நொறுக்குத் தீனியை நிறுத்துவேன்” என்பது வெறும் ஆசை. “பள்ளி விட்டு வரும்போது குளிர்பானத்துக்குப் பதிலாக மோரோ தண்ணீரோ குடிப்பேன்” என்பது இலக்கு. 300 மில்லி கோலா பானத்தில் ஏறத்தாழ 30 கிராம், அதாவது 6 தேக்கரண்டி சர்க்கரை உண்டு. ஆகவே, பார்வைக்குச் சிறிதாகத் தோன்றும் இம்மாற்றத்தின் பயன் சிறிதன்று.

5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. ஒன்றும் செய்யாதிருப்பதைவிடச் சிறிதளவு செய்வதும் நன்மையே என்றும் அது கூறுகிறது. விளையாட்டையே மறந்துபோன பிள்ளைக்கு மாலையில் 15 நிமிடம் சைக்கிள் ஓட்டுவது தகுந்த தொடக்கம்.

தேர்ந்தெடுக்கும் முறையும் முக்கியம். மூன்று செயல்களை முன்வையுங்கள். ஒன்றைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். எப்போது, எங்கே செய்வது என்பதையும் பிள்ளையே சொல்லட்டும். பிறகு, “செய்துவிடலாம் என்ற நம்பிக்கைக்கு 10-க்கு எத்தனை மதிப்பெண் கொடுப்பாய்?” என்று கேளுங்கள். விடை 7-க்குக் குறைந்தால் இலக்கை இன்னும் சிறிதாக்குங்கள். ஏற்கெனவே உள்ள வழக்கத்தோடு இணைத்தால் செயல் எளிதில் நிலைக்கும். 2019-இல் கேரளப் பள்ளிகளில் தண்ணீர் குடிக்க நினைவூட்டும் மணி ஒலிக்கத் தொடங்கியது. பிற மாநிலங்களும் அதைப் பின்பற்றின. வீட்டிலும் பல் துலக்குதல், புத்தகப் பையை அடுக்குதல் போன்றவை அத்தகைய மணிகளே.

இங்கே பெரியவர்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. 13 முதல் 18 வயதினருக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை. இரவு 9 மணி வரை டியூஷன், 11 மணி வரை வீட்டுப்பாடம், காலை 5 மணிக்கு எழுப்புதல் என்று நாளை அமைத்துவிட்டு, “சீக்கிரம் தூங்கு” என்று பிள்ளையிடம் கூறுவதில் நியாயமில்லை. அங்கே மாற வேண்டியது நாம் வகுத்த அட்டவணை. அதுபோலவே, தந்தை கைப்பேசியுடன் உணவருந்தும் வீட்டில் பிள்ளைக்கு மட்டும் திரைக்கட்டுப்பாடு நிலைக்காது.

நீரிழிவு, ஆஸ்துமா, வலிப்பு, இதய அல்லது சிறுநீரக நோய் உள்ள பிள்ளைகளின் இலக்கை மருத்துவரிடம் கலந்து பேசிய பின்னரே தொடங்குங்கள். இன்சுலின் போட்டுக்கொள்ளும் பிள்ளைக்கு உடற்பயிற்சியால் இரத்தச் சர்க்கரை தாழக்கூடும். சில சிறுநீரக நோயாளிகளுக்குத் தண்ணீரின் அளவே வரையறுக்கப்பட்டிருக்கும்.

வாரம் ஒருமுறை பிள்ளையோடு அமர்ந்து பேசுங்கள். தவறிய நாள்களுக்குக் கடிந்துகொள்ளாமல், தடையாக இருந்தது எது என்று கேளுங்கள். அண்ணனோடும் அடுத்த வீட்டுப் பிள்ளையோடும் ஒப்பிட வேண்டா. அடுத்த பரிசோதனைக்கு வரும்போது, பிள்ளை தன் கையால் எழுதிய ஒரே ஒரு இலக்கைக் கொண்டுவாருங்கள். மருத்துவரிடம் அதைப் பற்றிப் பிள்ளையே பேசட்டும்.