மண்டை ஓட்டு ரீஃபும் தேசியப் பூங்காவும்

ஊட்டிக்கு எக்ஸ்கர்ஷன் போகிற மாணவத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. பொட்டானிக்கல் கார்டனும் படகுவீடும் பார்த்தது போதும். கூடலூர் இறங்கி நாடுகாணி வழியாகத் தேவாலா, பந்தலூர் பக்கம் ஒருதரம் போய் வாங்க. ஒரு பக்கம் முதுமலைக் காடு. இன்னொரு பக்கம் முக்குருத்தி தேசியப் பூங்காவின் மலைகள். நடுவில் பச்சைப் பசேலென்று தேயிலை. அந்தத் தேயிலைக்கு அடியில் இடிந்து தூர்ந்துபோன தங்கச் சுரங்கங்கள்.

வெள்ளைக்காரன் கதை எல்லா டூரிஸ்ட் புத்தகத்திலும் இருக்கிறது, சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆஸ்திரேலியாவிலிருந்து வரவழைக்கப்பட்ட ப்ரஃப் ஸ்மித் என்கிற நிபுணர், 1880-இல் இங்கே தங்கம் இருக்கிறது என்று அறிக்கை கொடுத்தார். லண்டனில் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் முளைத்தன. இலைநோயில் காப்பி செத்துக் கையைப் பிசைந்து நின்ற துரைமார், அதே தோட்டத்தைத் தங்கபூமி என்று பல மடங்கு விலைக்குத் தள்ளிவிட்டார்கள். மூணே வருஷம். கல்லை இடித்துப் பார்த்தால் போட்ட காசுக்குத் தங்கம் தேறவில்லை. கம்பெனிகள் மூட்டை கட்டின.

துரை வருவதற்கு முன்னால் அங்கே தோண்டியது யார்? மலை நெடுக பழைய குழிகள் இருந்தன. பணியரும் குறும்பரும் ஆற்று மண்ணை அரித்துத் தங்கத்தூள் எடுத்து ஜென்மிக்குக் கொடுத்தார்கள். பணியர் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்ட அடிமைகள். 1843-இல் அடிமை முறைக்கு எதிராகச் சட்டம் வந்தது. ஆனாலும் மானந்தவாடி வள்ளியூர்க்காவுத் திருவிழாவில் வருஷக் கூலிக்குப் பணியரைப் பேசி ஓட்டிக்கொண்டு போகிற வழக்கம் இருபதாம் நூற்றாண்டிலும் நடந்தது.

தேவாலாவில் ஆல்ஃபா கம்பெனி பழைய குழி ஒன்றைத் தோண்டியபோது உள்ளே மண்டை ஓடுகள் கிடந்தன. அந்தத் தங்கப் படிவுக்கே 'ஸ்கல் ரீஃப்' என்று பெயர் வைத்தார்கள். கம்பெனியின் பெயர், மூலதனம், ஷேர் விலை, மேனேஜர் பெயர் எல்லாம் ரிக்கார்டில் உண்டு. மண்ணுக்குள்ளே செத்துக்கிடந்தவன் பெயர்? வரலாறு என்று நமக்குப் பாடம் நடத்துகிறார்களே, அதன் லட்சணம் இதுதான்.

அதே 1880-இல்தான் ஜான் டெய்லர் கம்பெனி கோலாரில் இறங்கியது. வட ஆற்காடு, சித்தூர்ச் சேரிகளிலிருந்து நம் சனங்க கூட்டங்கூட்டமாகப் போனார்கள். பாறை வெடித்துச் செத்தார்கள், நெஞ்சில் கல்தூசு அடைத்துச் செத்தார்கள். ஆனால் அங்கே ஒன்று நடந்தது. ஊர்த்தெரு ஆண்டையின் கண்ணுக்கு அப்பால் கையில் சம்பளம் வந்தது. அந்தச் சம்பளத்தில் பௌத்த சங்கம் கட்டினார்கள். மாரிக்குப்பம் சித்தார்த்தா புத்தகசாலை அயோத்திதாசரின் எழுத்துகளை அச்சுப்போட்டுக் காப்பாற்றியது. நின்றுபோன 'தமிழன்' இதழ் 1926-இல் அங்கிருந்து மறுபடி வந்தது. அயோத்திதாசர் இதே நீலகிரியில் வளர்ந்தவர் என்பதையும் சேர்த்துப் பார்க்கணும். கோலார்ச் சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. சயனைடு மண்மேடுகள் மிஞ்சின. அந்த அச்செழுத்தும் மிஞ்சியது.

தேவாலாவில் கம்பெனி ஓடிப்போனதும் பணியன் ஜென்மியின் களத்துக்கே திரும்பினான். சங்கமில்லை, புத்தகசாலையில்லை. இந்த வித்தியாசத்தைத்தான் நாம் படிக்கணும். தங்கம் இரண்டு இடத்திலும் நம் கைக்கு வரவில்லை. ஆண்டையிடமிருந்து விலகி நிற்கக் காலடி மண் கிடைத்த இடத்தில் மட்டும் சனங்க தங்கள் கதையைத் தாங்களே எழுதினார்கள்.

இன்றைக்கு அங்கே காலடி மண் யாருக்கு? ஜென்மி முறையை ஒழிக்க 1969-இல் சட்டம் வந்தது. 'செக்ஷன் 17' நிலத்துச் சிக்கல் தலைமுறை கடந்தும் இழுத்தது. 1990-இல் முக்குருத்தி தேசியப் பூங்கா, 2007-இல் முதுமலை புலிகள் காப்பகம். கூடலூர்க் காடு அழிகிறது என்று 1995-இல் உச்சநீதிமன்றம் போனவர் யார் தெரியுமா? அந்த நிலத்துக்கு ஜென்மியாக இருந்த நிலம்பூர் கோவிலகத்துக்காரர்! காட்டை வெட்டிக் காப்பி போட்டவன், மலையைக் குடைந்தவன், தேயிலை போட்டவன் எவனும் ஆக்கிரமிப்பாளன் இல்லை. குடிசை போட்ட பணியனும், 1964 ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து பிடுங்கி வரப்பட்டு டான்டீ லயத்தில் உழைத்துத் தேய்ந்தவனும்தான் ஆக்கிரமிப்பாளன். பழைய குழிக்குள் உயிரைப் பணயம் வைத்துப் பொடித்தங்கம் சுரண்டுகிறவன் பேப்பரில் 'கொள்ளையன்' ஆகிறான்.

புலி நமக்கு எதிரியில்லை. காடு இருக்கணும். காட்டோடு இருந்தவனை வெளியே தள்ளி, ரிசார்ட்காரனுக்கு ரோடு போடுவதைத்தான் எதிர்க்கிறோம். நாளைக்கு இந்தச் சுரங்கங்களுக்கும் 'பாரம்பரியச் சின்னம்' என்று போர்டு மாட்டி டிக்கெட் கிழிப்பார்கள். கிழிக்கட்டும். அந்தப் போர்டின் முதல் வரியில் பணியர், குறும்பர் பெயர் இருக்கணும் என்று கேட்க நாம் அங்கே இருக்கணும்.

போகிறவர்கள் கேமராவோடு ஒரு நோட்டும் எடுத்துப் போங்க. பணியர் காலனிப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேளுங்க, அவர்கள் சொல்கிறபடியே எழுதுங்க. அவர்களுக்காக நாம் பேசுவதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். 2006 வன உரிமைச் சட்டத்தில் மனு எழுத ஆள் வேண்டும் என்றால் உட்கார்ந்து எழுதிக் கொடுங்க. அந்தச் சட்டம் பழங்குடியல்லாதவரிடம் 75 வருஷக் கணக்குக் கேட்கிறது. லயத்துத் தமிழனால் அதைக் காட்ட முடியாது. பணியனும் லயத்துத் தமிழனும் ஒரே மனுவில் நிற்க முடியாமல் போகலாம். ஒரே போராட்டத்தில் நிற்க எந்தச் சட்டமும் குறுக்கே வராது.