சின்னத் தீவுகளுக்கும் ஒரு முறை வரும்

பார்படோஸ், கிரனடா, சென் வின்சன்ற், டொமினிக்கா, அன்ரிகுவா என்று பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்து, அந்தத் தீவுகளின் மக்களுக்காகவும் அங்குள்ள திருச்சபைகளுக்காகவும் மட்டக்களப்பு வாவிக் கரையிலிருந்து மன்றாடுவதில் பொருள் ஏதேனும் உண்டா? நண்பர் ஒருவர் அண்மையில் என்னிடம் இப்படிக் கேட்டார். "நம் வீட்டுக் கூரை ஒழுகும்போது ஏழு கடலுக்கு அப்பாலுள்ளவன் கூரைக்குக் கிடுகு தேடுவதா?" என்பது அவருடைய ஆதங்கம். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதற்கான விடை அவர் எண்ணியதைவிட நீளமானது.

நான் கிறிஸ்தவன் அல்லன். மிஷனரிமார் தொடக்கிவைத்த பாடசாலையொன்றில் எழுத்தறிவு பெற்ற, பத்திரிகைத் தொழிலில் முதுமை கண்ட ஒரு மட்டக்களப்பான். எனவே இறையியல் பேசும் தகுதி எனக்கில்லை. எனக்குத் தெரிந்த இரண்டு துறைகளான வரலாற்றையும் செய்தித் தொழிலையும் கொண்டே இதனை நோக்குகிறேன்.

முதலில் இந்த மன்றாட்டின் முறையைச் சொல்லிவிடுகிறேன். ஆண்டுதோறும் மார்ச் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை உலக ஜெப தினமாக நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் அனுசரிக்கப்படுகின்றது. ஒவ்வோராண்டும் ஒரு நாட்டின் கிறிஸ்தவப் பெண்கள் வழிபாட்டு ஒழுங்கை எழுதுகிறார்கள். ஏனைய நாட்டவர் அதனைத் தத்தம் மொழியில் ஓதுகிறார்கள். 2015 இல் பஹாமாஸ் பெண்கள் எழுதினார்கள். 2016 இல் கியூபாப் பெண்களின் முறை. இதேபோல, ஜனவரியில் வரும் கிறிஸ்தவ ஒன்றிப்பு வாரத்திற்கான வழிபாட்டை 2018 இல் கரிபியன் திருச்சபைகள் ஆயத்தம் செய்தன. அடிமைத்தளையிலிருந்து மீண்ட இஸ்ரவேலர் செங்கடலைக் கடந்தபின் பாடிய பாடலை அவர்கள் கருப்பொருளாகத் தெரிந்தெடுத்தார்கள். அடிமைகளின் வழித்தோன்றல்கள் வேறெதனைத் தெரிவார்கள்?

இனி வரலாற்றுக்கு வருவோம். 1786 ஆம் ஆண்டு வேல்ஸ் நாட்டவரான தோமஸ் கோக் என்ற மெதடிஸ்த குருவானவர் வட அமெரிக்காவின் நோவா ஸ்கோஷியாவுக்குக் கப்பலேறினார். கடும்புயல் கப்பலைத் திசைமாற்றித் தெற்கே அடித்துச் சென்றது. அவர் கரையிறங்கிய இடம் கரிபியன் கடலிலுள்ள அன்ரிகுவா. நாள், அவ்வாண்டின் நத்தார் தினம். தாம் கொண்டுவரப்போவதாக எண்ணியிருந்த சபை அங்கே ஏற்கெனவே இருந்ததைக் கண்டு அவர் வியந்தார். கப்பற்றுறையில் தச்சுவேலை செய்துவந்த ஜோன் பக்ஸ்டர் என்பவர் அதனை நடத்திக்கொண்டிருந்தார்.

பக்ஸ்டருக்கு முந்திய கதை இன்னும் முக்கியமானது. அன்ரிகுவாவில் மெதடிஸ்த போதனையைத் தொடங்கியவர் நத்தானியேல் கில்பேட். தோட்ட முதலாளி; அடிமைகளை உடைமையாக வைத்திருந்தவர். 1774 இல் அவர் இறந்த பின்னர், 1778 இல் பக்ஸ்டர் வந்து சேரும்வரை சபையைச் சிதறவிடாது காத்தவர்கள் சோபியா கம்பெல், மேரி அலி என்ற இரு பெண்கள். குருப்பட்டமோ பதவியோ இல்லாதவர்கள். கூடி ஜெபிப்பதொன்றே அவர்கள் கையிலிருந்த கருவி. ஓர் அடிமை உடைமையாளரின் வீட்டில் முளைத்ததை ஒடுக்கப்பட்டோர் தமதாக்கிக்கொண்ட இந்த முரணை மறைத்துவிட்டுக் கரிபியன் திருச்சபையின் வரலாற்றை எழுத முடியாது. அத்தீவில் அடிமைமுறை ஒழிந்தது 1834 ஆகஸ்ட் முதலாந் திகதியில்தான்.

இதற்கும் மட்டக்களப்புக்கும் என்ன தொடர்பு என்கிறீர்களா? அதே தோமஸ் கோக்தான் முதுமையில், தம் சொந்தப் பணத்தையும் தருவதாகக் கூறி, இலங்கைக்கான மெதடிஸ்த மிஷனை ஒழுங்குசெய்தவர். 1813 டிசம்பர் முடிவில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட அவர் இலங்கையைக் காணவில்லை. 1814 மே 3 ஆந் திகதி இந்து சமுத்திரத்தில் கப்பலிலேயே காலமானார். உடல் கடலில் அடக்கம் செய்யப்பட்டது. உடன்வந்த இளைஞர்கள் ஜூன் இறுதியில் காலியை அடைந்தனர். அவர்களுள் ஒருவரான வில்லியம் ஓல்ட், பயணத்தின்போதே மனைவியைப் பறிகொடுத்தவர், மட்டக்களப்புக்கு அனுப்பப்பட்டார். ஓராண்டுகூட நிறைவுறுமுன் 1815 ஏப்ரலில் இங்கேயே அவரும் மறைந்தார். மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தொடக்கத்தை 1814 என்று குறிப்பது இவரை வைத்துத்தான். ஆக, அன்ரிகுவாவில் நிலைபெற்ற ஒரு முயற்சியின் அடுத்த துறைமுகம் நமது புளியந்தீவு. இலங்கை மெதடிஸ்த திருச்சபை 1964 இலும் கரிபியன் மெதடிஸ்த திருச்சபை 1967 இலும் தன்னாட்சி பெற்றன. ஒரே தாயின் இரு பிள்ளைகள் என்றால் மிகையன்று.

தமிழர் என்ற முறையிலும் நமக்கு அங்கே ஓர் உறவு உண்டு. 1850களிலிருந்து மார்ட்டினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் தமிழர்கள் கப்பலேற்றப்பட்டார்கள். அவர்களின் வழிவந்தோரிடம் இன்று தமிழ் பேச்சுமொழியாக இல்லை. ஆனால் மாரியம்மன் வழிபாடு இருக்கின்றது. மொழியை இழந்தவர்களும் மன்றாட்டை இழக்கவில்லை என்பது சிந்திக்கத்தக்கது.

அடுத்தது என் தொழில். வெளிநாட்டுச் செய்திகளைத் தெரிந்தெடுக்கும் மேசையில் பல்லாண்டு இருந்தவன் என்ற வகையில் சொல்கிறேன்: சிறிய தீவுக்குப் பத்திரிகையில் இடம் கிடைப்பது அது அழியும்போது மாத்திரமே. மொன்செராட் தீவை உலகம் அறிந்தது, 1990களில் எரிமலைச் சாம்பல் அதன் தலைநகர் பிளிமத்தை மூடியபோது. பார்புடாவை அறிந்தது, 2017 செப்ரெம்பரில் இர்மா சூறாவளிக்குப் பின் தீவு முழுவதையும் வெறுமையாக்கி மக்களை அன்ரிகுவாவுக்கு ஏற்றிச் சென்றபோது. கரியாகூ என்ற பெயர் 2024 ஜூலையில் பெரில் சூறாவளி வீசிய நாளில் ஒருமுறை அச்சேறியது. மறுநாள் வேறு செய்தி வந்தது, கரியாகூ போயிற்று.

மட்டக்களப்பின் கதையும் இதுதானே? 1978 நவம்பர் 23 சூறாவளி, 2004 ஆழிப்பேரலை, 2019 உயிர்த்த ஞாயிறு. உலகப் பத்திரிகைகளில் நம் ஊர்ப்பெயர் பெரிதாக வந்த நாட்களை எண்ணிப் பாருங்கள். பிணம் விழாத நாளில் நாம் செய்தி அல்லர்.

ஜெப அட்டவணை இந்த விதியை மீறுகின்றது. அங்கே புயல் வந்தாலும் வராவிட்டாலும் கிரனடாவுக்கு ஒரு முறை வரும். பேரழிவு நேராத ஒரு சாதாரண வாரத்திலும் அம்மக்கள் பெயர்சொல்லி நினைக்கப்படுகிறார்கள். வாழ்நாள் முழுவதும் செய்தியின் பெறுமதியை இறந்தோர் தொகையாலும் தூரத்தாலும் அளந்த எனக்கு, இந்த அளவுகோல் மேலானதாகத் தோன்றுகிறது.

2019 ஏப்ரல் 21 இல் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது முப்பது பேரளவில் உயிரிழந்தனர். அவர்களுள் 14 பேர் சிறுவர்கள். அந்த நாட்களில் உலகின் எத்தனையோ மூலைகளில் நம் ஊருக்காக மக்கள் மன்றாடினார்கள். நம் ஊரின் பெயரைச் சரியாக உச்சரிக்கவும் அவர்களிற் பலருக்கு இயன்றிராது. அதனால் இறந்த பிள்ளை மீளவில்லை என்று சொல்லலாம். உண்மைதான். ஆயினும், முன்பின் அறியாத ஒருவர் தமக்காக அழுதார் என்ற செய்தி துக்க வீட்டில் என்ன செய்யும் என்பதைத் துக்க வீட்டில் இருந்தவர்களே அறிவார்கள். அதனைப் பெற்றவர்கள் பிறருக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள் அல்லவா?

எனினும் நண்பரின் கேள்வியில் ஒரு முள் இருக்கின்றது. அதைப் பிடுங்காமல் விடமுடியாது. தூரத்தில் உள்ளவர்களுக்காக மன்றாடுவது இலகு. அவர்கள் நம்மிடம் காணி கேட்பதில்லை. நமது பழைய கணக்கைக் கிளறுவதில்லை. கல்லடியிலிருந்து சில கிலோமீற்றரில் காத்தான்குடி இருக்கின்றது. 1990 ஆகஸ்ட் 3 இல் அங்கே பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அடுத்த மாதம் 9 ஆந் திகதி, நகரின் மறுபக்கத்தில், சத்துருக்கொண்டானிலும் சுற்றுக் கிராமங்களிலும் பெண்களும் குழந்தைகளுமாய் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழர்கள் கொல்லப்பட்டனர். இரண்டையும் ஒரே மூச்சில் நினைவுகூரும் வழிபாட்டை, அது கோவிலிலாகட்டும், தேவாலயத்திலாகட்டும், பள்ளிவாசலிலாகட்டும், நம்மிற் பலர் இன்னும் கேட்டதில்லை. அத்திலாந்திக் கடலைத் தாண்டும் மன்றாட்டு ஆரையம்பதி எல்லையில் நின்றுவிடுமானால், அதற்கு அந்தக் கடலைத் தாண்டிய பெருமையும் இல்லை.

அதற்காகத் தூரத்து மன்றாட்டைக் கைவிடுவது தீர்வாகாது. இரண்டும் ஒரே பழக்கத்தின் இரு முனைகள். தன்னைச் சாராதவர் பெயரை மரியாதையோடு உச்சரிக்கப் பழகிய நாக்குத்தான் பக்கத்து ஊரவரின் பெயரையும் ஒருநாள் உச்சரிக்கும்.

ஆனால் பெயர் மட்டும் போதாது, அறிவும் வேண்டும். 2025 ஒக்ரோபர் 28 இல் மெலிசா சூறாவளி ஜமெய்க்காவைத் தாக்கியது. ஒரு மாதங் கழித்து, நவம்பர் இறுதியில், டித்வா புயல் இலங்கையில் 600க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. கடனில் மூழ்கிய இரு தீவுகள், ஒரே பருவத்தில் ஒரே விதமான அடி. கிரனடா தன் கடன் பத்திரங்களில், சூறாவளி தாக்கினால் தவணையைப் பிற்போடலாம் என்ற ஏற்பாட்டை முன்கூட்டியே சேர்த்திருந்தது. பெரில் வந்தபின் 2024 இல் அதனைப் பயன்படுத்தியும் கொண்டது. பார்படோஸும் அவ்வாறான ஏற்பாட்டைச் செய்து, பிற நாடுகளுக்காகவும் வாதாடி வருகின்றது. 2022 இல் கடனைச் செலுத்த முடியாது என்று அறிவித்த ஒரு நாட்டின் குடிமக்கள் கற்றுக்கொள்ளவேண்டிய பாடம் இது. கிரனடாவுக்காக மன்றாடும் நாளில் இந்த ஒரு செய்தியையும் சபையில் யாராவது ஐந்து நிமிடம் விளக்கிச் சொன்னால், இரங்குபவர், இரங்கப்படுபவர் என்ற பேதம் மறைந்து, நாம் அவர்களிடம் கற்பவர்களாவோம்.

நண்பருக்கு என் விடை இதுதான். கூரை ஒழுகும் வீட்டுக்காரனுக்குத்தான் மற்றவன் கூரை ஒழுகும் சத்தம் கேட்கும். வாவி நடுவே ஒரு தீவில் நகரமைத்து, புயலுக்கும் போருக்கும் கடலுக்கும் பிள்ளைகளைக் கொடுத்த நமக்கு அந்தச் சத்தம் கேட்கத்தான் வேண்டும். கரிபியன் தீவுகளின் பெயர்களை வாசிக்கட்டும். பிழையின்றி, விபரம் அறிந்து வாசிக்கட்டும். அந்தப் பட்டியலின் முடிவில் காத்தான்குடியையும் சத்துருக்கொண்டானையும் சேர்த்து வாசிக்கட்டும்.