வீட்டைப் புதுப்பிப்பவரும் ஒரு முதலாளியே

வீட்டைப் புதுப்பிக்கும் காலத்தில் ‘பாதுகாப்பு’ என்ற சொல் இந்திய நடுத்தர வர்க்கக் குடும்பங்களில் பெரும்பாலும் பொருள்களைக் குறித்தே பேசப்படுகிறது. நகைகள் வங்கிப் பெட்டகத்துக்குப் போகின்றன. சோஃபாவின் மேல் பிளாஸ்டிக் விரிப்பு விழுகிறது. வேலையாட்கள் இருக்கும் நேரத்தில் வீட்டார் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்று முடிவாகிறது. அந்த வேலையாட்களின் நுரையீரலும் கீழ்த்தளத்துக் குடும்பத்தின் கூரையும் இந்த ஏற்பாடுகளில் இடம்பெறுவதில்லை. புனரமைப்பு என்பது நான்கு சுவருக்குள் அடங்கிய சொந்த விவகாரம் என்ற எண்ணத்தைச் சட்டமும் தன் பங்குக்கு வளர்த்துவிட்டிருக்கிறது.

அது நான்கு சுவருக்குள் அடங்குவதில்லை என்பதற்கு மும்பையின் காட்கோபர் சாட்சி. 2017 ஜூலை 25 அன்று அங்கு நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்று இடிந்து 17 பேர் இறந்தனர். தரைத்தளத்தில் மருத்துவமனையாக இயங்கிவந்த பகுதியில் அப்போது மாற்றியமைப்புப் பணி நடந்துகொண்டிருந்தது. தூண்களில் கை வைத்ததே காரணம் என்று உயிர் பிழைத்தவர்கள் குற்றஞ்சாட்டினர். 2022 பிப்ரவரி 10 அன்று குருகிராமின் அடுக்ககம் ஒன்றில், ஆறாவது மாடி வீட்டில் புனரமைப்பு வேலை நடந்தபோது அதன் தளம் சரிந்து, கீழுள்ள தளங்களை ஒன்றன்பின் ஒன்றாக இழுத்துக்கொண்டு விழுந்தது. இரண்டு பெண்கள் உயிரிழந்தனர். பின்னர் ஆய்வு செய்த டெல்லி ஐஐடி, அக்கட்டடத்தின் கான்கிரீட்டிலேயே குளோரைடு கலந்து கம்பிகள் அரித்திருந்ததைக் கண்டறிந்தது. ஆகவே அங்கு முதற்குற்றம் கட்டியவர்களுடையது. ஆயினும், தான் வாங்கிய வீட்டின் எலும்பு எந்த நிலையில் இருக்கிறது என்று அறியாமலேயே அதன்மேல் சுத்தியலை இறக்குவது இந்நாட்டில் இயல்பான செயலாக இருக்கிறது என்பதையும் அந்த விபத்து காட்டியது.

‘தூணையும் உத்திரத்தையும் தொடாவிட்டால் போதும்’ என்பது பலரும் அறிந்த விதி. பழைய செங்கல் கட்டடங்களில் ஒன்பது அங்குலச் சுவரே பாரத்தைத் தாங்குகிறது. அங்கே தேடினாலும் தூண் கிடைக்காது. புதிய உயர்மாடிக் குடியிருப்புகள் பலவற்றில் ‘மைவான்’ எனப்படும் அலுமினிய அச்சு முறையில் சுவர்கள் முழுவதும் கம்பி கட்டிய கான்கிரீட்டாக வார்க்கப்படுகின்றன. அங்கு சமையலறையையும் கூடத்தையும் ஒன்றாக்க ஒரு சுவரை உடைப்பது தூணை உடைப்பதற்கு நிகரானது. உடைக்காமலே செய்யும் தவறும் உண்டு. இந்தியத் தரநிலைகளின்படி குடியிருப்பு அறையின் தளம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ பயன்பாட்டு எடையைத் தாங்குமாறு வடிவமைக்கப்படுகிறது. மணலை அறையின் நடுவே இரண்டடி உயரம் கொட்டினால் அந்த இடத்தில் எடை சதுர மீட்டருக்கு 900 கிலோவைத் தாண்டும். பழைய டைல்ஸைப் பெயர்க்கச் சோம்பி அதன்மேலேயே இரண்டு அங்குலக் கலவை போட்டால் 100 கிலோ நிரந்தரமாகக் கூடும். அதன்பின் புதிய கல்லின் எடை வேறு. இந்தக் கணக்கைப் போடப் பொறியியல் பட்டம் தேவையில்லை. ஆனால் உட்புற அலங்காரத்துக்குப் பல இலட்சம் செலவிடுபவர்கள் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை ஒருமுறை அழைத்துக் காட்டுவதை வீண்செலவு என்றே எண்ணுகின்றனர்.

இடிபாடு அரிது, தூசு அன்றாடம். கிரானைட்டை உலர்வாக அறுக்கும்போது எழும் வெண்புகையில் சிலிக்கா இருக்கிறது. சமையல் மேடைக்கு இப்போது விரும்பி வாங்கப்படும் செயற்கைக் குவார்ட்ஸ் பலகைகளில் அதன் அளவு 90 விழுக்காடு வரை போகக்கூடும். சிலிக்கோசிஸ் நோய்க்கு மருந்து கிடையாது. இந்தப் பலகைகளைத் தயாரிக்கவும் விற்கவும் பொருத்தவும் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் தடை விதித்தது. தடைக்குக் காரணம் தொழிலாளர்களின் நுரையீரல். இந்தியாவில் அதே கல்லைப் பால்கனியில் குந்தியமர்ந்து, வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒருவர் அறுக்கிறார். துண்டு அந்த நுண்துகளைத் தடுக்காது. அறுக்கும் இடத்தில் தொடர்ந்து நீர் விழச்செய்தால் தூசு வெகுவாகக் குறையும். அதற்கு ஒரு குழாயும் ஒரு வாளியும் போதும். தரை நனையும், கீழ்வீட்டார் சண்டைக்கு வருவார்கள் என்று அதுவும் தவிர்க்கப்படுகிறது. பழைய வண்ணப்பூச்சும் இப்படித்தான். வீட்டு வண்ணங்களில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய கதவு, சன்னல்களின் எனாமல் அடுக்குகளை உப்புத்தாளால் உலர்வாகத் தேய்க்கும்போது ஈயத்தூசு பறக்கலாம். அது முதலில் தேய்ப்பவரின் மூச்சில் நுழைகிறது. பின்பு தரையில் தவழும் குழந்தையின் கைக்கு வருகிறது. வேலை முடியும்வரை குழந்தைகளையும் கருவுற்ற பெண்களையும் வேறிடத்தில் தங்கவைப்பது மிகையான எச்சரிக்கை ஆகாது.

இந்த உயிர்களுக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் சட்டம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. 1996-ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டம், பழுதுபார்ப்பையும் மாற்றியமைப்பையும் கட்டுமானப் பணி என்றே ஏற்றது. ஆனால் பத்துத் தொழிலாளர்களுக்குக் குறைந்த இடங்களையும், 10 இலட்சம் ரூபாய்க்கு மிகாத செலவில் சொந்தக் குடியிருப்புக்கு வேலை செய்விப்பவரையும் அது விட்டுவிட்டது. 2020-இல் இயற்றப்பட்ட பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு அந்த வரம்பை 50 இலட்சமாக உயர்த்தியது. விபத்து நடந்தபின் இழப்பீடு கேட்கும் வழியும் குறுகலானதே. ஒப்பந்ததாரரின் ஆளுக்கு இழப்பீடு தரும் பொறுப்பை, 2025 வரை நடைமுறையில் இருந்த 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு வேலை கொடுத்தவர்மேலும் சுமத்தியது. ஆனால் அந்த வேலை அவருடைய தொழில் அல்லது வணிகத்தின் பகுதியாக இருந்தால் மட்டுமே. வீட்டுக்கு வெள்ளையடிப்பது வீட்டுக்காரரின் வணிகம் அன்று. எனவே சன்ஷேடிலிருந்து விழுந்த பெயின்டரின் குடும்பம் பொதுவாக மேஸ்திரியின் வாசலில்தான் நிற்க வேண்டியிருக்கிறது. அந்த மேஸ்திரியும் பெரும்பாலும் நேற்றுவரை கொத்தனாராக இருந்தவரே.

குடிசைக்குக் கூரை மாற்றுபவரை ஆய்வாளர் மிரட்டிப் பணம் பறிக்கக்கூடாது என்பது இந்த விலக்குக்கான நியாயம். அந்த அச்சம் பொய்யானதன்று. ஆனால் 50 இலட்சம் ரூபாய்க்கு யாரும் குடிசை வேய்வதில்லை. செலவின் அளவைக்கொண்டு விலக்கு அளிப்பதைவிட, ஆபத்தின் தன்மையைக்கொண்டு கடமை வகுப்பதே தகும்: சுவர் உடைப்பு, கல்லறுப்பு, உயரத்தில் நின்று செய்யும் வேலை, தற்காலிக மின்னிணைப்பு ஆகிய நான்குக்கும் செலவு எவ்வளவாயினும் வீட்டுக்காரரும் பொறுப்பேற்க வேண்டும். ஆய்வாளர் வீடுவீடாக நுழையத் தேவையில்லை. பொறியாளரின் கடிதமும் தொழிலாளர்களுக்கான விபத்துக் காப்பீடும் இருந்தால்தான் வேலை தொடங்கலாம் என்றால் போதும்.

ஆய்வுலகமும் இதில் பின்தங்கியே இருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையில் கட்டட இடிபாட்டு மரணங்களுக்கென ஒரு தலைப்பு உண்டு. எத்தனை மரணங்கள் புனரமைப்பின்போது நேர்ந்தன, இறந்தவர் குடியிருந்தவரா வேலை செய்தவரா என்று அது பிரித்துச் சொல்வதில்லை. சட்டம், பொதுநலம், கட்டடப் பொறியியல் ஆகிய துறைகளின் மாணவர்கள் முதல்தகவல் அறிக்கைகளையும் மருத்துவமனைப் பதிவேடுகளையும் கொண்டு ஒரே ஒரு நகரத்துக்கேனும் இக்கணக்கைத் தொகுக்க முடியும். அதுவரை குடியிருப்போர் சங்கங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. அவற்றில் பலவும் புனரமைப்புக்கு ஏற்கெனவே அனுமதிப் படிவம் வைத்திருக்கின்றன. லிஃப்டில் கீறல் விழாதிருக்க முன்பணம், பிற்பகலில் துளையிடத் தடை, குப்பை அகற்றக் கட்டணம் என எல்லாம் அதில் உண்டு. எந்தச் சுவர் உடைக்கப்படுகிறது, அதைப் பார்த்துக் கையொப்பமிட்ட பொறியாளர் யார், வேலை செய்வோர் எத்தனை பேர், அவர்களுக்குக் காப்பீடு உண்டா என்ற நான்கு வரிகளை அதே தாளில் சேர்க்கச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் போதும்.